வலது கால் மட்டும்

எங்கள் போலீஸ் பயிற்சிப் பள்ளியின் ஸ்டோர் கீப்பரை எல்லோரும் ‘ஜோடி’ என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால், “ஜோடி குறையக் கூடாது” என்பார். கிழிந்த சாக்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒற்றையாகக் கொண்டு போனால் நீங்கள் திருடன். நாளைக்கே போலீஸ் ஆகப்போகிறவனும் அவருக்குத் திருடன்தான்.

நான் அங்கே கணக்குப் பிரிவு. அந்த வருஷம் கூடுதலாக நானூறு பேரை எடுக்க உத்தரவு வந்தது. ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, சோறு போட்டு, சட்டம் படிக்கவைத்து, துப்பாக்கி பிடிக்கப் பழக்கி வெளியே அனுப்ப எவ்வளவு ஆகும் என்று மேலிடம் கேட்டது. பதினொரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு விடை சொன்னேன்: தலைக்கு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பாதியில் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனிப் பத்தி. அந்தப் பணம் அம்போ.

நானூறு பேருக்கும் ஜோடி ஒரே நாளில் பூட்ஸ் அளவெடுத்து முடித்தார். எப்படி என்று கேட்டால் பெருமை வேறு.

“வலது காலை மட்டும்தான் அளப்பேன். இடது கால் என்ன, வேற ஊர்லேர்ந்தா வந்திருக்கு?”

மூன்றாம் மாதம் ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். லாரி டிரைவர் மகள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டு தடவை தோற்றவள். வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு, அதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அக்கா, என்னை அனுப்பிட்டா இந்தப் பயிற்சிச் செலவை எங்கப்பா கட்டணுமா?”

“அதெல்லாம் வேண்டாம். நீ ஏன் நொண்டுறே?”

“ஒண்ணுமில்லக்கா.”

கால் வலிக்கிறது என்று சொன்னால் ‘அப்போ கிளம்பு’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து நேரே ஸ்டோருக்கு இழுத்துப் போனேன். பூட்ஸைக் கழற்றினால் இடது சாக்ஸ் முழுக்க ரத்தம்.

ஜோடி இரண்டு காலையும் அளந்தார். மறுபடி அளந்தார். இடது கால் ஒரு அளவு பெரிசு.

“பெரிசா ஒரு ஜோடி குடுங்க” என்றேன்.

“வலது கால்ல கழண்டு ஓடும்மா. ரெண்டு ஜோடியைப் பிரிச்சு ஒண்ணாக்கணும்.” ரெஜிஸ்டரைப் புரட்டினார். “ரெஜிஸ்டர்ல ஒத்தைக்குப் பத்தியே கிடையாதே!”

“யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழறீங்களே! நல்லா இருக்கு உங்க நியாயம்!”

தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு புது ஜோடிகளைக் கட்டியிருந்த கயிற்றை அவரே வெட்டினார்.

வெள்ளிக்கிழமை அவள் ஒன்பது விநாடி மிச்சம் வைத்து ஓடி முடித்தாள். நான் போட்ட கூச்சலில் பள்ளி முதல்வரே திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

மாதக் கடைசியில் தணிக்கை வந்தது. ஸ்டோரில் ஒன்றோடொன்று சேராத இரண்டு ஒற்றைகள். விலையை ஜோடியின் சம்பளத்தில் பிடித்தார்கள். மனுஷன் புலம்பித் தீர்க்கப் போகிறார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ என் எதிரே வந்து மெல்லக் கேட்டார்.

“பாதியில போனவங்க லிஸ்ட் உங்ககிட்ட இருக்கில்ல? ஓட்டத்துல தோத்தவங்களை மட்டும் பார்க்கணும்.”

முந்தைய இரண்டு வருஷங்களில் இருபத்து மூன்று பெயர்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இதுல எத்தனை பேரை நான் அனுப்பினேனோ?”

அவர் என் மேஜை போனைத் தன் பக்கம் இழுத்து முதல் பெயருக்கு நேரே இருந்த எண்ணை அழுத்தினார்.

“தம்பி, பயிற்சிப் பள்ளி ஸ்டோர்லேர்ந்து பேசறேன். மறுபடி ஆள் எடுக்கறாங்கப்பா. உனக்கு வயசு இருக்கு, விண்ணப்பம் போடு.” பேனாவை எடுத்தார். “ஒண்ணு கேக்கணும். அப்போ எந்தக் கால்லயாவது பூட்ஸ் கடிச்சுதா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, எனக்குக் கேட்கவில்லை. ஜோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயருக்கு நேரே ‘இடது’ என்று எழுதினார். அப்புறம் அடுத்த எண்ணைப் படிக்கச் சொன்னார்.