பத்திரமாக ஆடியவர்

டிவியில் ஆன்லைன் போக்கர் சீட்டாட்ட விளம்பரத்தில் சிரிக்கும் நடிகரே, நீங்கள் ஒரு ஏமாற்றுக்காரர்.

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் மரத்தடியில் நரைத்த மீசை ஆட்டோக்காரர் ஒருவர், ஆடும்போது போனை மார்போடு அணைத்துக்கொள்வார். "அந்தாண்ட திரும்பிக்குங்க சார், சீட்டு தெரியுது" என்பார். நானும் கோட்டை மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

"எதிராளிதான் இங்க இல்லியே, இன்னாத்துக்குண்ணே மறைக்கிறீங்க?"

"பத்திரமா ஆடுங்கன்னு அந்த ஆக்டரே சொல்றாரு சார். அம்பது ரூபாயில ஆரம்பிக்கலாமாம்."

"நீங்க எத்தினி வாட்டி ஆரம்பிச்சீங்க?"

"சவாரிக்கு ஒருவாட்டி சார்" என்று குழந்தைபோல் சிரித்தார்.

போன வாரம் ஆட்டோவை விற்றுவிட்டார். இப்போதும் அதே மரத்தடியில், போனை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நடிகரே, பத்திரம் என்று நீங்கள் எதைச் சொன்னீர்கள்? அதே டிவியில் வந்து ஊரறியச் சொல்லுங்கள்.