கறை தேடும் ஹேரின் அம்மா

கோட்டுப் பையை உள்வெளியாகத் திருப்பி, தையல் மூலையில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே பேசுகிறார் ஜொங்நிம். ஒரு பேருந்துச் சீட்டு, மூக்குத் துடைத்த காகிதம், ஒரு பல்குச்சி. மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கோட்டின் சொந்தக்காரரை நிமிர்ந்து பார்க்கிறார். "உங்க சாமான்தானே? அப்புறம் வேற ஏதோ இருந்துச்சுன்னு வந்து நிக்கக் கூடாது." பல்குச்சி உட்பட எல்லாவற்றையும் அந்த மனிதர் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை ரசீது எழுதுவதில்லை.

தென்கொரியாவில், குன்சான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கும் மீன் உணவகத்துக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய சலவைக் கடை. வயது ஐம்பத்திரண்டு. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரே மகளின் பெயரை வைத்து ஹேரின் அம்மா. கடையின் பெயரை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. "எழுதுறதுன்னா எழுதிக்கங்க. கடை பேரைப் போடாதீங்க. திருடனும் பத்திரிகை படிப்பான்."

வருகிற துணி ஒவ்வொன்றும் கழுத்து வளைந்த ஒரு விளக்கின் கீழே போகும். கறையைக் கண்டுவிட்டால் அவருக்கு நிம்மதி. சுத்தமாக இருந்தால்தான் சங்கடம். "ஒண்ணுமே இல்லாத சட்டையை எதுக்குச் சலவைக்குப் போடுறான்?" என்று இன்னொரு முறை திருப்புவார். இஸ்திரி முடிந்ததும் தையல் ஓரத்தில் புறங்கையை வைத்து ஈரம் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டதால் அதை நம்புவதில்லை. "இது பொய் சொல்லும். பின்பக்கம் சொல்லாது."

கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: 'தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நம்பாதே. அவசரப்படுத்தினால் வைத்துவிடு.' பக்கத்து மீன் உணவகக்காரரிடம் அரசு வக்கீல் என்று சொல்லிப் பேசிய ஒருவன் அவருடைய சேமிப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போன வாரத்தில் எழுதியது. ஹேரின் அம்மாவுக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. "வக்கீலுன்னதும் இந்த ஆளு எந்திரிச்சு நின்னு பேசியிருக்காரு. போன்ல."

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் போன பிப்ரவரியில் அந்தக் கடிதம் வந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஹேரினுக்கு வேதியியலில் இடம் தந்திருந்தது. நான்கு வருடமும் கட்டணம் கிடையாது. விடுதியும் சாப்பாடும் இலவசம், போதாததற்கு ஒரு மடிக்கணினி. சியோலில் ஹேரின் கேட்டிருந்த பல்கலைக்கழகமோ அவளைக் காத்திருப்புப் பட்டியலில் நான்காவதாக வைத்திருந்தது. அங்கே கட்டணமும் அறை வாடகையும் சேர்ந்தால் கடை வருமானத்தில் பாதி போய்விடும். ஆனால் பதின்மூன்று வயதிலிருந்து ஹேரினின் மேசைக்கு மேலே ஒட்டியிருப்பது சியோல் சுரங்க ரயிலின் வரைபடம்.

கடிதத்தை விளக்கின் கீழே பிடித்தார் அம்மா. "நம்ம பொண்ணுக்கு எதுக்கு மடிக்கணினி தர்றான்? நாம என்ன அவனுக்கு மாமனா மச்சானா?"

"மார்க்குக்குத் தர்றாங்கம்மா."

"மார்க்குக்குச் சீட்டுத் தரலாம். சோறு எதுக்கு?"

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு நேரில் போனார். நுழைவாயிலில் கொடுத்த விளக்கப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கழிப்பறை துடைக்கும் பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். மதியம் உணவுக்கூடத்தில் முளைகட்டிய சோயா சூப்பும் சோறும் வாங்கிக்கொண்டு, வருகிற தலைகளை எண்ணினார். திரும்பி வந்து சொன்னது இது: "சூப்புல குறை இல்லை. ஆனா நாற்காலியில பாதி காலி. பிள்ளைங்க கிடைக்காமதான் இலவசம்னு கூவுறான். மூணாம் வருஷம் இந்தப் பாடத்தையே மூடிட்டா, மடிக்கணினியை வச்சு மீனா வறுக்கிறது?"

அடுத்த வாரம் சியோலுக்கும் போனார். மாணவர்கள் தங்கும் அறை ஒன்றைத் தையல் நாடாவால் அளந்தார். அறைக்காரர் ஜன்னலுக்குத் தனி வாடகை என்றதும் நாடாவைச் சுருட்டிவிட்டார். "பீரோவுக்குள்ள படுக்க வைக்கிறதுக்குக் காசு. வெளிச்சத்துக்கு வேற காசு."

காத்திருப்புப் பட்டியல் நகரும்வரை கையில் இருக்கும் இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை மூன்று நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கைபேசியில் ஒரு தட்டு போதும் என்றாள் மகள். அம்மா கேட்கவில்லை, வங்கிக்குப் போனார்.

"பூஜ்யத்தை எப்படிம்மா வாங்குறது?" என்றார் வங்கி ஊழியர்.

"வாங்கிட்டேன்னு முத்திரை குத்துங்க. நாளைக்கு நீங்க கட்டலையேன்னு சொல்லுவான்."

முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

காத்திருப்பவர்களைச் சியோல் பல்கலைக்கழகம் தொலைபேசியில்தான் கூப்பிடும். சரியான பதில் வராவிட்டால் மூன்று முறை வரை முயலும். அப்புறம் இடம் அடுத்தவருக்கு. விண்ணப்பத்தில் ஹேரினின் கைபேசி எண்ணுக்குப் பதிலாகக் கடைத் தொலைபேசியின் எண்ணைப் போடவைத்திருந்தார் அம்மா. கைபேசிக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடுவார்களாம். கடைத் தொலைபேசியை அவரைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது.

காத்திருப்பவர்களைக் கூப்பிடும் கடைசி நாள் பிற்பகல். ஹேரின் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார்.

"அம்மா, பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுங்க. ஹேரினுக்கு இடம் வந்திருக்கு. சேர்றாங்களா?"

"எந்த ஹேரின்?"

பரீட்சை எண்ணைச் சொன்னது அந்தப் பக்கத்து இளம் குரல்.

"அதைத் திருடினவனும் சொல்லுவான். அவ படிச்ச நடுநிலைப் பள்ளி எது?"

"அதெல்லாம் எங்ககிட்ட இருக்காதும்மா. இப்பவே சொல்லணும். அடுத்த ஆள் காத்திருக்காங்க."

"அவசரப்படுத்துறியா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹேரின் எழுந்து வந்து, சுவரில் மாட்டியிருந்த சியோல் பல்கலைக்கழகத்தின் அறிவிப்புத் தாளோடு தொலைபேசித் திரையில் இருந்த எண்ணை ஒப்பிட்டாள். "நிஜமாவே அவங்கதாம்மா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அம்மா நீராவி இயந்திரத்தை நிறுத்தினார். பகலில் அந்தக் கடையில் அப்படி ஒரு அமைதியை அந்தத் தெரு கேட்டதில்லை. இருவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு நிமிடம் கழித்து மறுபடி அடித்தபோது, அம்மா அதை எடுத்து, காதில் வைக்காமல், மகளிடம் நீட்டினார்.

"ஆமாங்க, நான்தான்," என்றாள் ஹேரின். "சேரலைங்க. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க." வைத்துவிட்டு, எண் சீட்டுகள் இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"ஏன்டி?"

"இங்க சோறு இலவசம்மா. சூப்பும் குறை இல்லைன்னு நீதானே சொன்னே."

"நிஜமா வேண்டாம்னுதான் சொன்னியா? இல்ல, எனக்காகவா?"

"நிஜமாத்தான். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அம்மா கழுத்து வளைந்த விளக்கை எரியவிட்டார். மகளின் தாடையைப் பிடித்து, சட்டைக் காலரைத் திருப்புவதுபோல் முகத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஹேரின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி, புறங்கையை மகளின் கண்ணுக்குக் கீழே வைத்து, எடுக்காமல் நின்றார்.