விருத்தாம்பாள் தைத்த நீலத் தார்ப்பாய்

கடலூர் முதுநகரில் தார்ப்பாய் தைக்கிற விருத்தாம்பாளோடு எனக்கு மூன்று வருஷம் சண்டை. நான் ஆரஞ்சு என்பேன். அவர் நீலம் என்பார். சண்டைக்கு வேறு காரணம் கிடையாது.

நான் ஞானசேகரன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, துறைமுகத்தை ஒட்டிய மீன்வளத்துறை அலுவலகத்தில் காகிதம் தள்ளுகிறவன். மும்பையில் தீவிரவாதிகள் கடல் வழியாக வந்து சுட்டுத் தள்ளிய பிறகு எங்களுக்கு வேலை ஜாஸ்தியானது. படகுக்கு நம்பர் எழுது, ஆளுக்கு அடையாள அட்டை வாங்கு, விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஆரஞ்சுத் தார்ப்பாய் வை என்று குப்பம் குப்பமாகத் தொண்டை கிழியச் சொல்லிவிட்டு வருவேன். நான் சொல்லிவிட்டுப் போன மறுநாளே எல்லாரும் விருத்தாம்பாளிடம் போய் நீலம் வாங்குவார்கள். எரிச்சல் வராதா?

அவர் முன்பு மீன் கூடை சுமந்தவர். 2004 சுனாமியில் கூடை, தராசு, வீடு எல்லாம் போயின. நிவாரணத்தில் ஒரு தையல் மெஷின் கொடுத்து ஜாக்கெட் தைக்கச் சொன்னார்கள். மீன் அரிந்த கைக்கு அது ஒத்துவரவில்லை. அதை விற்றுவிட்டு, பண்ருட்டியில் பலாப்பழ லாரிகளுக்குப் படுதா தைத்துக்கொண்டிருந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். கயிறு இழுத்து மூலை கிழியக்கூடாது என்று, லாரியில் கழித்த காக்கிக் கான்வாஸை முக்கோணமாக வெட்டி, நாலு மூலைக்கும் இரட்டைத் தையல் போடுவார். இந்த மெனக்கெடல் வேறு யாருக்கும் கிடையாது.

நீலம் ஏன் என்றால், இந்தப் படகுகள் சீசனுக்குக் கோடியக்கரைப் பக்கம் போகிறவை. அங்கே இலங்கை எல்லை எது என்று தண்ணீரில் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால், யாருடையது என்று பார்க்கக்கூட நிற்காமல், நீலத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடலோடு கடலாகத் தெரியட்டும் என்று படகுக்குள் படுத்துவிடுவார்கள். உயிர்ப் பயத்தில் பழகிய பழக்கம்.

"தேடி வர்றவங்களுக்குக் கண்ணுல படணும்ல அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தேடி வர்றவன் எவன்னு தெரியணுமே சார். சுடறவனுந்தான் தேடிக்கிட்டு வர்றான்" என்றார், மெஷினை நிறுத்தாமலே.

தானே புயல் அடித்து ஓய்ந்த தை மாதக் கடைசி. புயலில் மணல் ஏறிய எஞ்சினை ஒப்பேற்றிக்கொண்டு, விருத்தாம்பாளின் கணவர் தங்கராசு, தம்பி சிங்காரம், இன்னும் இரண்டு பேர் ஃபைபர் படகில் கடலுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. வாடைக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒரு விமானம் போய் நாலு மணி நேரம் தேடிவிட்டு, எண்ணெய் தீர்கிறது என்று திரும்பிவிட்டது. படகில் இரண்டு கேன் தண்ணீர்தான் ஏற்றினார்கள் என்று விருத்தாம்பாள் சொன்னார்.

நாலாம் நாள் விடியும்போதே கடற்படையின் ஆளில்லா விமானத்தை அனுப்பினார்கள். அது ஒருமுறை ஏறினால் கிட்டத்தட்ட ஒரு நாள் இறங்காமல் மேலேயே சுற்றுமாம். ஓட்டுகிறவர்களும் பார்க்கிறவர்களும் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆள் மாற்றிக்கொள்வார்களாம். ஆளே இல்லாத வண்டிக்கு யார் மேல் அக்கறை வரப்போகிறது என்று டீக்கடையில் நக்கலடித்தவன் நான். அன்று அதைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்குக் கடற்படை அதிகாரி போன் செய்தார். அலுவலகத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருந்த விருத்தாம்பாளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"விடிஞ்சதுல இருந்து பாக்குறோம் சார். படகு எதுவும் தென்படல. புயல் குப்பைதான் மிதக்குது. மரம், தென்னை மட்டை, ஒரு நீல ஷீட்டு..."

விருத்தாம்பாள் போனைப் பிடுங்கினார்.

"நீலமா? மூலையில காக்கித் துணி இருக்குதா பாருங்க சார். முக்கோணமா வெட்டித் தெச்சிருக்கும்."

எதிர்முனையில் யாரோ யாரிடமோ பேசுவது கேட்டது. பத்து நிமிஷம். விருத்தாம்பாள் காதிலிருந்து போனை எடுக்கவேயில்லை.

"மூணு மூலை தெரியுதும்மா. காக்கி இருக்கு. அடியில படகு விளிம்பும் தெரியுது. ஆனா அசைவே இல்ல. காலையில ரெண்டு தடவ தாழ வந்து சுத்திப் பாத்துட்டு, குப்பைன்னுதான் விட்டோம்."

முடிந்துபோயிற்று என்றே நினைத்தேன். விருத்தாம்பாள் நினைக்கவில்லை.

"தாழ வந்தா எப்படி சார் எந்திரிப்பாங்க? எந்த நாட்டுதோன்னு மூச்சு வுடாம கெடப்பாங்க. சத்தம் கேக்காத தூரத்துக்குத் தள்ளிப் போயி, அங்கேர்ந்து பாத்துக்கிட்டே இருங்க. வுட்டுட்டு மட்டும் போயிடாதீங்க சார்."

"போகமாட்டோம்மா. இன்னும் பத்து மணி நேரம் நிக்க எண்ணெய் இருக்கு. கப்பல் கிளம்பிடுச்சு, வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் படகு எங்க நகருதுன்னு இதுதான் சொல்லணும்."

இணைப்பைத் துண்டிக்காமல் போனை மேசைமேல் வைத்தோம்.

"என் கையாலயே மூடி அனுப்பிட்டேன் சார்" என்றார் விருத்தாம்பாள். "உங்க பேச்சக் கேட்டிருந்தா காலையிலயே பாத்திருப்பாங்க."

மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் வாயிலிருந்து வரவழைக்க நினைத்தேன். அன்று அதைக் கேட்கச் சகிக்கவில்லை. "சும்மா இருங்கக்கா" என்று அதட்டினேன்.

பன்னிரண்டு ஆயிற்று. "உச்சி வெயில்ல அந்தப் பாய்க்குள்ள அரை மணி நேரம் தாங்காது சார். உயிரு இருந்தா வெளிய வந்தாவணும்" என்றார். பன்னிரண்டரை. ஒன்று. அவரே வைத்த கெடு தாண்டிவிட்டது. அதற்கப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை; நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றே கால் இருக்கும். "ஒரு பக்கம் தூக்குது" என்றார் அதிகாரி. அவர் குரலே மாறியிருந்தது. "ஒரு ஆளு வெளிய வந்துட்டாரு. இன்னொருத்தர். மூணாவது ஆளு."

"நாலாவது?" என்றார் விருத்தாம்பாள்.

அதிகாரி முதலிலிருந்து எண்ணினார். மூன்றுதான்.

"ரெண்டு பேரு ஒருத்தரத் தூக்கி உக்கார வெக்கிறாங்க. தலை சாயுது... கையத் தூக்குறாரும்மா. உயிரோட இருக்காரு."

விருத்தாம்பாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கராசுவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது ஆள் அவர்தான். மனைவியைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமோ ஒண்ணு வண்டாட்டம் மேலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு விருத்தா. ஜன்னலு இல்ல, ஒண்ணும் இல்ல. நீ தெச்ச பாயிதான் எங்களக் காப்பாத்துச்சு. அது கண்ணுலயே படலியே நாங்க. அப்பறம் கடவுளாப் பாத்துக் கப்பல அனுப்புனான்."

விருத்தாம்பாள் என்னைப் பார்த்தார். பிறகு கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஆமாய்யா. பேசாம படு" என்றார்.

அடுத்த வாரம் அவர் கடைப் பக்கம் போனேன். நீலத் துணிக்கு அடியில் ஆரஞ்சை வைத்துச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். மூலையில் அதே காக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"பயமா இருந்தா நீலத்தப் போத்திக்கட்டும். தண்ணி தீந்துபோனா திருப்பிப் போடட்டும். அவருக்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க சார்."

டீக்கடையில் நான் மறைத்து வைத்த விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வண்டுதான் கப்பலைக் கூட்டி வந்தது என்பதை மட்டும் தங்கராசு இருக்கும்போது பேசுவதில்லை.