சட்டப்படி பைத்தியம்

"வெள்ளிக்கிழம தரேன்னு நீதானக்கா சொன்ன?" என்று டில்லிபாபு கேட்டபோது, சொர்ணம் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்லியிருப்பேன். பைத்தியம் பேசுனது சட்டப்படி செல்லாது நைனா. நாளைக்கி வா."

தொழிற்சாலைக் காவலாளியான டில்லிபாபு சிரித்துக்கொண்டே போனான். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், காக்கிச் சட்டைகளுக்குப் பட்டையும் பேட்ஜும் தைத்துக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடையில் இந்தப் பதில் எல்லோருக்கும் பழக்கம். பேரம் பேசுகிறவர்களுக்கும் இதேதான். பலர் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். விளையாட்டில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. சொர்ணத்துக்கு அந்தச் சுவாதீனம் இல்லை என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நீதிபதி எழுதிவைத்திருக்கிறார். இதுவரை யாரும் அதை ரத்து செய்யவில்லை.

அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. உதட்டில் எப்போதும் குண்டூசிகள். அவற்றைக் கவ்வியபடியேதான் பேச்சு. இடுப்புச் செருகலில் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்பீஸ். பௌர்ணமி அன்று மட்டும் கடை திறக்க மாட்டார். பழைய சட்டத்தில் பைத்தியத்துக்கு இருந்த ஆங்கிலப் பெயர் நிலாவிலிருந்து வந்தது என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எப்போதோ சொன்னாராம். "நெலா வந்தா நம்பளுக்கு ஏறும்னு வெள்ளக்காரனே எழுதிக்கீறான். லீவு உடலன்னா எப்டி?" அன்று மாலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அவரைச் சுண்டல் பொட்டலத்தோடு பார்க்கலாம்.

போன மாதம் அண்ணன் மகன் தமிழ்வாணன் ஒரு மனுவோடு வந்தான். வெள்ளானூரில் இருக்கும் குடும்ப நிலத்தை மனை போடுகிறவர்கள் கேட்கிறார்கள். சொர்ணத்தின் அப்பா எழுதிவைத்தபடி அதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பழைய வழக்கைப் போட்டு, தங்கைக்குக் கார்டியனாகி நிலத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் லோகநாதன் இப்போது இல்லை. தீர்ப்பை நீக்கினால்தான் சொர்ணத்தின் கையெழுத்து செல்லும். செல்லுபடியானால், விலைக்கு வரும் இந்தக் கடையை அவரே வாங்கிவிடலாம்.

"படி," என்றார் சொர்ணம்.

படித்தான். முதலில் பைத்தியம் என்று வந்தது, பிறகு மனநோயாளி, பிறகு மனநல பாதிப்புக்கு உள்ளானவர். சட்டம் மாற மாற வார்த்தையும் மாறியிருக்கிறது என்று விளக்கினான்.

"நான் இந்த மெஷினாண்டயேதான் குந்திக்கினு கீறேன். பேரு மட்டும் ஊரு சுத்திக்கினு வந்துகீது பாரேன். அப்பால?"

"'தற்போது முழுமையாகக் குணமடைந்துவிட்டார்.' அவ்ளோதான் அத்த. கையெழுத்து போட்டுடு."

மெஷின் நின்றது.

"கொணமாயிட்டேன்னா, அப்போ நோவு இருந்துச்சின்னு ஆவுதே."

"இருந்துச்சே. ஜட்ஜு உன் பேரு கேட்டாரு, இன்னா கெழமன்னு கேட்டாரு, நீ வாயே தெறக்கலன்னு அப்பா சொல்லிக்கீறாரு."

சொர்ணம் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

"தெறந்திருந்தா, புத்தி நல்லாத்தான் கீதுன்னு புருசன் ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்கோ. அந்தாளு அடிச்ச அடிக்கு, அடுத்த தபா பொணமாத்தான் வந்திருப்பேன். பைத்தியம்னதும் வாணாம்னு அவங்களே உட்டுட்டாங்கோ. நெலம் உங்கொப்பன் கையில நின்னுச்சி, உசுரு என் கையில நின்னுச்சி. அன்னிக்கி அந்தக் கோர்ட்ல புத்தியோட இருந்தவ நான் ஒருத்திதான்டா."

தமிழ்வாணன் அந்த வரியின் மேல் விரலை வைத்தான். பிறகு தணிந்த குரலில், "இந்த வரி இல்லேன்னா மனு நிக்காதுன்றாரு வக்கீலு. நெலத்த விக்க முடியாது. உன் கடையும் கைய உட்டுப் பூடும் அத்த," என்றான்.

"பூட்டா பூடட்டும். பொழைக்கத் தெரியாதவளா நானு?"

"ஜட்ஜு கூப்ட்டு கேட்டா இன்னா சொல்லுவ?"

"அன்னிக்கி கேட்டதுக்கு இன்னிக்கி பதில் சொல்லுவேன். பேரு சொர்ணம். அன்னிக்கி செவ்வாக்கெழம."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்தார். மனுவைத் துணிபோல் மெஷின் பலகையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, குணமடைந்துவிட்டார் என்ற வரியின் மேல், கத்தரிக்க வேண்டிய இடத்தில் போடுவதுபோல நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட, அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்காகக் கையை நீட்டினார்.