மாமாவின் பூட்டு

என் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் ஒரு பித்தளைப் பூட்டு கிடக்கிறது. கொழும்பில், வெள்ளவத்தைப் பழைய வீட்டில், கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் இறங்கும் வால்வில் என் தாய்மாமா போட்ட பூட்டு அது. மாமா ரியூசனில் வரலாறு படிப்பித்தவர். "சண்டை எண்டால் ஒரு நாள் அலுவல். வெட்டவெளியில ரெண்டு படையும் நிக்கும், பொழுதுபடமுன்னம் ஆர் வெண்டதெண்டு தெரிஞ்சிடும். முற்றுகை அப்பிடியில்லை. தண்ணியை மறிச்சுப்போட்டுக் குந்தியிருந்தால் காணும், உள்ள இருக்கிறவன் தானா இறங்கி வருவான்" என்பார். வாழ்நாளெல்லாம் படித்ததை அந்த மனிதர் பயன்படுத்திய ஒரே இடம் சொந்தத் தங்கை சமைக்கும் குசினி.

மாமா மேல்மாடியில், நானும் அம்மாவும் கீழே. வீட்டை இடித்து பிளாட் கட்டக் கொடுக்க அவருக்கு ஆசை. அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நேரே வந்து இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அம்மா நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பார், மறுநாள் ஆறியிருக்கும். அதற்கு நெஞ்சில் கொஞ்சம் உரம் வேண்டுமே! மாமா வால்வைப் பூட்டினார். படியில் கண்டால் மட்டும் பல் தெரியச் சிரித்து, "எப்பிடித் தங்கச்சி, சுகமே?" என்பார். கையில் வாளியோடு நிற்கும் அம்மா, "ஓம் அண்ணை, நல்ல சுகம்" என்பார். பக்கத்து லொட்ஜ் குழாயிலிருந்து இரண்டு வருடம் தண்ணீர் சுமந்தார்.

மாமாவுக்குப் பேரன் பிறந்தபோது, கனடாவிலிருந்த அவர் மகன் அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டான். மாமா போகவில்லை, போனால் பூட்டை யார் காப்பது? வளைத்து நிற்பவனும் கூடாரத்தை விட்டு நகர முடியாது என்பது அந்தச் சரித்திரப் புலிக்கு உறைக்கவேயில்லை. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் அம்மா வென்றிருப்பார்.

எத்தனையோ கோட்டைகளின் கதவை உள்ளே இருந்தவனே திறந்துவிட்டான் என்றும் மாமா படிப்பித்திருந்தார். ஒரு நாள் என்னை மேலே கூப்பிட்டு, புதுக் கட்டடத்தில் ஒரு பிளாட் என் பெயருக்கு என்றார். நான் பத்திரத்தோடு இறங்கி வந்தேன். "தண்ணி தூக்கியே உங்கட இடுப்பு முறியப்போகுது அம்மா" என்றேன். அம்மா என்னையே பார்த்தார். "மாமா உனக்கு என்ன தாறதெண்டவர்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டார். மாமாவைக் கோழை என்று இன்றும் சொல்வேன். எனக்கு அதைவிடக் கேவலமான பெயர்தான் பொருந்தும்.

இப்போது அதே மண்ணில், ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். பகலும் இரவும் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அம்மா தினமும் காலையில் ஒரு வாளி நிரப்பித் தன் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார். போன கிழமை பொறுக்கமாட்டாமல், "பைப்பில வருகுதுதானே அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, வருகுது. பூட்டு உன்ர லாச்சியிலயெல்லோ கிடக்கு" என்றார்.