முகத்தில் படக் கூடாத க்ரீம்

ஜெயபாய்க்கு நாக்கு நீளம் என்று ராஜபாளையத்தில் பலர் சொல்வார்கள். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு, 1983இல் ஒரு பேண்டேஜ் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். துணி வெளுக்கும் காஸ்டிக் சோடாவோடும் பெராக்சைடோடும் ஒரு பாதுகாப்புத் தாள் வரும். எது பட்டால் தோல் வேகும், கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு வரி விடாமல் படிப்பது அவர் வேலை.

அவர் சேர்ந்த மறுவருடம் மேஸ்திரி அப்படி ஒரு தாளை மேசை டிராயரில் பூட்டி வைத்துவிட, பிச்சையம்மாள் என்ற தொழிலாளிக்கு முன்கை வெந்துபோனது. "அது இங்கிலீஷ்ல இருந்துச்சு" என்றார், தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கும் மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஜெயபாய் பொறுமையாகத்தான் இருப்பார். தெரிந்தும் படிக்காத இந்தக் கூட்டத்தைக் கண்டால்தான் அவருக்கு உதடு கோணும்.

1994இல் முதலாளி சுப்புராஜுக்கு ஓர் ஆசை வந்தது. பேண்டேஜ் வாங்கும் மெடிக்கல் கடைகளுக்கெல்லாம் தன் பெயரில் ஒரு சிவப்பழகு க்ரீமும் போக வேண்டும். தயாரிப்பது யாரோ, லேபிள் ஒட்டுவது இவர். ஜெயபாய் அடம்பிடித்ததால், சாம்பிளோடு பாதுகாப்புத் தாளும் கேட்டு மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் போனது.

முதல் கம்பெனி தாளுக்குப் பதில் லட்சுமி படம் போட்ட காலண்டர் அனுப்பியது. மதுரையில் இருந்த இன்னொரு சின்னக் கம்பெனி, டைப்ரைட்டரில் அடித்து மையால் திருத்திய இரண்டு பக்கம் அனுப்பியது. மூன்றாவது கம்பெனியின் தாள் மட்டும் வழவழவென்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஏஜென்ட் சுந்தரபாண்டியன். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை.

ஜெயபாய் தாளை அவர் பக்கம் திருப்பினார். "ஆறாவது வரியச் சத்தமா வாசிங்க."

அவர் வாசித்தார். தோலில் பட்டால் உடனே பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவி மருத்துவரைப் பார்க்கவும் என்று அதில் இருந்தது.

"முகத்துல பூசுத க்ரீம், தோல்ல பட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாக்கும்?"

"மேடம், அது சும்மா பைலுக்கு வைக்கிறது. இத யாரு படிக்கா?"

"நான் படிக்கேன்."

தரை கழுவும் திரவத்துக்கான தாளில் பெயரை மட்டும் மறைத்து நகல் எடுத்திருந்தார்கள். பழைய பெயரின் கடைசி இரண்டு எழுத்து ஓரத்தில் அப்படியே தெரிந்தது. ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் செய்யத் துப்பில்லை!

"அப்ப டப்பாக்குள்ள என்னதான் இருக்கு?" என்று ஜெயபாய் கேட்டதற்கு, "கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தது. ரகசியத்தை அவர் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனார். க்ரீமை அமிலத்தில் கரைத்து, தேய்த்துச் சுத்தம் செய்த செம்புக் கம்பியைப் போட்டுக் கொதிக்க வைத்தார். செம்பின் மேல் வெள்ளி நிறம் ஏறியது. பாதரசம்.

கம்பியைப் பார்த்த பிறகும் முதலாளிக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, ஒரே ஒரு லோடு எடுத்துப் பாப்போமே. ஊரே செவப்பாகணும்னு கேக்குதே."

"நமக்குத் துணி வெளுக்கத்தான் லைசென்ஸ், மொதலாளி. ஆள வெளுக்க இல்ல. பாதரசம் கிட்னியத் தின்னுரும்."

சுப்புராஜ் போனைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெதுவாக, "நம்ம பாப்பா ஒரு வாரமா இதத்தான் பூசுதா" என்றார். சாம்பிள் டப்பா ஒன்று முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. போனைச் சுழற்றியதில் மூன்று முறை தப்பு நம்பர் விழுந்தது. ஊரார் முகத்துக்கு ஒரு லோடு எடுக்கத் துணிந்த மனிதருக்குத் தன் வீட்டு முகம் என்றதும் வேர்த்துக் கொட்டியது. நல்லவேளை, அவர் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதுரைக் கம்பெனியின் க்ரீமுக்குத்தான் லேபிள் ஒட்டினார்கள். அது யாரையும் சிவப்பாக்கவில்லை. அதனால் சுமாராகத்தான் விற்றது. சுந்தரபாண்டியன் தன் சரக்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாயின் பேன்சி கடையில் இறக்கினார். தங்கபாயும் ஜெயபாயும் ஒரே சர்ச். ஜெயபாய் நேரில் போய்ப் பாதரசத்தைப் பற்றிச் சொன்னார்.

"டப்பா எம்புட்டு அழகா இருக்கு! ஒனக்குப் பொறாமை" என்றார் தங்கபாய்.

ஜெயபாய் மருந்து ஆய்வாளருக்கு எழுதினார். இரண்டு கடிதத்துக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு ஆட்கள் வந்து தங்கபாய் கடை அலமாரியைக் காலி செய்தார்கள்.

அன்று சாயங்காலமே தங்கபாய் பஸ் ஸ்டாண்டில் வழி மறித்தார். "ஏட்டி, ஏம் பொழப்பக் கெடுத்துட்டியே! நல்லா இருப்பியா?"

"நீயும் இருப்ப. அதுக்குத்தான் எழுதுனேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தங்கபாயும் அவருடைய நாலு சிநேகிதிகளும் ஜெயபாய் இருந்த பெஞ்சை விட்டு எழுந்து போனார்கள். பெஞ்சு முழுக்கக் காலி. பையை ஒரு பக்கமும் குடையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, அவர் வசதியாக உட்கார்ந்தார்.