கதவு ரப்பருக்கு எண்ணெய் போட்டவள்

"விக்கிற ஐடியாவே இல்ல சார்," என்றாள் நீராவியக்கா.

வண்டிச் சோதனை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"நான் கேக்கலையேம்மா."

"கேப்பீங்க. எல்லாரும் கேக்குறாங்க."

அவர் பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர் குழாயைக் கட்டைவிரலால் மடக்கினார். ரப்பர் முழுக்க வெடிப்பு. ஸ்டியரிங்குக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. பின் சீட் பெல்ட்டைப் பூட்டும் பிளாஸ்டிக் விண்டிருந்தது. பின் கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தொட்டார். விரல் ஈரமாக வந்தது.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு. ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் போயிடுச்சு. பதினாலு நாள் டைம் தர்றேன். மாத்திட்டுக் கொண்டு வாங்க. இல்லன்னா ரோட்டுல ஓட்டக் கூடாது."

பதினாலாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமைதான் அவள் மகளும் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

நீராவியக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் நீராவிப் பெட்டி போட்டவள். பேர் அப்படி வந்தது. கோபமும் அதே மாதிரி புஸ்ஸென்று கிளம்பி உடனே அடங்கிவிடும். இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் பேத்தி பிறந்தாள். பேத்தியைப் பற்றி அவளைப் பேச விட்டால் வண்டிக் கதை அங்கேயே நின்றுவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தக் குழந்தை தூக்கத்தில் ஒரு புருவத்தை மட்டும் தூக்கும். அதைப் பார்ப்பதற்காகவே, வண்டி ஓடாத நாளிலும் ஆச்சி இரண்டு பஸ் மாறிப் போவாள்.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். விடுப்பு முடியப் போகிறது. காலை ஏழு மணிக்கு அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸே வராது. அம்மா வண்டியில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனால்தான் உண்டு. இல்லாவிட்டால் பக்கத்துத் தெருப் பிள்ளைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே பேர் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொன்னால் ஒரு வருஷத்துக்கு இடம்.

"மழை ஒழுகுற வண்டியில பிள்ளையை அனுப்ப மாட்டேன்மா," என்று மகள் போனில் சொன்னாள். "வண்டி மட்டும் இல்ல. நான் சொல்றதைச் சொன்னபடி செய்வியான்னும் பயமா இருக்கு. உனக்குப் பாசம் வந்தா கை சும்மா இருக்காது."

"வண்டியை முதல்ல பாக்குறேன்டி," என்று போனை வைத்தாள் நீராவியக்கா.

மெக்கானிக் அவளைவிட இருபது வயது சின்னவர். வாயும் வேலையும் ஒரே வேகத்தில் ஓடும். பின் கதவு ரப்பரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு விரலைக் காட்டினார். கறுப்பாக, பசை மாதிரி ஒட்டியிருந்தது.

"என்னக்கா தடவுனீங்க இதுல?"

"என்ஜின் ஆயில். ஞாயித்துக்கிழமை தவறாம தடவுவேன். காஞ்சு போகக் கூடாதுன்னு."

"எத்தனை வருஷமா?"

"வண்டியைப் பழசா வாங்குன நாள்லேர்ந்து. பதினோரு வருஷம்."

"அடேயப்பா. வெயில் செய்யாததை நீங்க செஞ்சிருக்கீங்க. இந்த ரப்பருக்கு அந்த ஆயில் ஆகாதுக்கா. ஊதிப்போய் இளகிடும். முன் கதவு ரப்பர் எப்படித் தப்பிச்சுது?"

"அந்தப் பக்கம் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

"அப்ப உங்க இடுப்புக்குத்தான் நன்றி சொல்லணும்."

நீராவியக்கா சிரிக்கவில்லை. மகள் சொன்னது காதில் ஓடியது.

மறுநாளே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். வண்டிப் பேரைச் சொன்னாலே கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த மாடல் நின்று பதினாறு வருஷம் ஆகிறது. ஆறாவது நாள், ஒரு கடையின் பரண் மேலிருந்து கடைக்காரர் தூசி தட்டி ஒரு கவரை இறக்கினார். கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது. ஸ்டியரிங் உறை, பின் கதவு ரப்பர், இரண்டும் உள்ளே. ஒரு தடவைகூடப் பிரிக்காத கவர். பேத்தியைத் தூக்கி வருவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மெக்கானிக் கவரைப் பிரித்தார். உறையை லேசாக விரித்தார். பட்டென்று வாய் பிளந்தது. கதவு ரப்பரை வளைத்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"புதுசுதானே தம்பி அது," என்றாள் நீராவியக்கா.

"யாரும் போடலை, அவ்வளவுதான். வயசு உங்க வண்டி வயசுதான். ரப்பருக்குப் பரண்ல தூங்குனாலும் வயசாகும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு நாள் பாக்கி. சலவைக்கூடத்தில் ஒருமுறை பெரிய இயந்திரத்தின் உருளைத் துணி கிழிந்தபோது, அதே கம்பெனித் துணி வரட்டும் என்று மேலாளர் காத்திருந்தார். இவள்தான் அளவெடுத்துக் கூடாரத் துணியில் தைத்துப் போட்டாள். அது நினைவுக்கு வந்ததும் எழுந்தாள்.

"இந்த வண்டிப் பேரை இனிமே எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டேன். அளவை மட்டும் சொல்றேன். நீங்க எடுத்துக் குடுங்க."

கிழிந்த உறையின் இரண்டு வாயையும் நூல் போட்டு அளந்தார்கள். கதவு விளிம்பின் கனத்தைத் தாளில் வரைந்தார்கள். பஸ் கட்டுகிற பட்டறையில் கதவு ரப்பர் மீட்டர் கணக்கில் கிடைத்தது. ஸ்டியரிங் உறை ஏதோ ஒரு சரக்கு வண்டிக்கு வந்தது. இந்த வண்டிக்கும் அச்சாகப் பொருந்தும் அளவு. பிரேக் ஹோஸ் விஷயத்தில் மட்டும் மெக்கானிக் விளையாட்டை விட்டுவிட்டார். திருகு மரையும் நீளமும் ஒத்துப் போகிற இன்னொரு மாடலின் புது ஹோஸைத் தேடிப் பிடித்து, செய்த வருஷம் பார்த்துத்தான் வாங்கினார். சீட் பெல்ட்டை முழுசாகவே மாற்றினார்.

கதவு வேலையை நீராவியக்கா தானே எடுத்துக்கொண்டாள். உள் பலகையைக் கழற்றப் போனபோது முதல் இரண்டு பிளாஸ்டிக் கிளிப்பும் கையோடு ஒடிந்தன. பழசு, தொட்டாலே போய்விடும். அவள் நிறுத்தினாள். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கிளிப் இருக்கும் இடத்தில் ஒத்தடம் கொடுத்தாள். சூடு இறங்கியதும் மீதிப் பத்தும் முனகாமல் வந்தன. சரக்கு வண்டி உறையையும் வெந்நீரில் போட்டு இளக்கிக் கொடுத்தாள். மெக்கானிக் ஒரே இழுப்பில் மாட்டிவிட்டார்.

"வேலைக்கு வர்றீங்களாக்கா?"

"எனக்கு வேலை இருக்கு. காலையில ஏழு மணிக்கு."

புதன்கிழமை அவள் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடித்தார். முட்டி வலிக்காரர், நாற்காலி போட்டுத்தான் அடித்தார்.

"கல்யாணம் ஆகி முப்பத்திமூணு வருஷத்துல இப்படி ஒரு வாய்ப்பு கிடைச்சதில்ல," என்றார்.

"பேசாம மேல அடிங்க."

மேல் மூலையில் ஒரு சொட்டு வந்தது. ஒரே சொட்டு. வீட்டுக்காரர் விட்டுவிடு என்றார். அவள் நாலு மீட்டரையும் உரித்து எடுத்து, மூலையில் வெட்டாமல் வளைத்து, மறுபடி முதலிலிருந்து ஒட்டினாள். வியாழக்கிழமை சொட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சோதனைச் சீட்டில் முத்திரை விழுந்தது. அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்கு ஓட்டிப் போனாள்.

மகள் கீழே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். விரிப்பைத் தொட்டாள்.

"முன்னாடி எதனாலம்மா ஒழுகுச்சு?"

வயசான வண்டி என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

"என்னாலதான். நல்லதுன்னு நினைச்சு வாரா வாரம் ஆயில் தடவுனேன். யார்கிட்டயும் கேக்கலை. அது ரப்பரைக் கெடுத்துடுச்சு."

மகள் பின் கதவைச் சாத்தினாள். பிறகு மேலே போய் இரண்டு தாள் கொண்டு வந்தாள். பால் எப்போது, எவ்வளவு, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, எதெல்லாம் வாயில் வைக்கக் கூடாது என்று நெருக்கி எழுதியிருந்தது. எழுதி எத்தனை நாளாயிற்றோ, மடித்த இடம் நைந்திருந்தது.

"கேக்கணும்னு தோணுச்சுன்னா போன் பண்ணு. கடையில இருந்தாலும் எடுப்பேன்."

"தேன்?"

"மூணாவது வரியில இருக்கு. கூடாது."

"சரி, கூடாது," என்றாள் நீராவியக்கா. மகள் அங்கேயே நின்று காப்பகத்துக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்றாள்.

பேத்தியை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்து இன்றோடு பதினேழு நாள். இன்று காலை நல்ல மழை. பேத்தி பின் சீட்டில் பெல்ட்டால் பூட்டிய குழந்தை இருக்கையில் தூங்க, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், இந்த வண்டியை இன்னும் எத்தனை வருஷம் இழுக்கப் போகிறாய் என்று கேட்டார். நீராவியக்கா வைப்பரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தாள்.

"இவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஓடணும். அதுக்கப்புறம் இது நிக்கிறதா இருந்தா, வேலையை விட்டு நிக்கிறவங்க மாதிரி ஒரு மாசம் முன்னாடியே என்கிட்ட சொல்லிடணும்."